ஏட்டய்யா வாங்கித் தந்த டீ

அவரை நினைத்தால் முகத்துக்கு முன்னால் கைகள்தான் வரும். முகம் சாதாரண முகம். நரைத்த மீசை, நெற்றியில் திருநீறு, எதையும் முழுசாகத் திறந்து பார்க்காத கண். ஆனால் அந்தக் கைகள்! நிற்கும்போதும் நடக்கும்போதும் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியே வைத்திருப்பார். இடது மணிக்கட்டை வலது கை இறுக்கிப் பிடித்திருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் விலங்கு மாட்டிய ஆள் மாதிரி இருப்பார். இதை ஒருநாள் அவரிடமே சொன்னேன். "நல்லாப் பாத்திருக்கீக" என்று மட்டும் சொன்னார்.

நான் அப்போது சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய ஜவுளிக்கடையில் பகுதிநேர வேலை பார்த்தேன். சேலை மடிக்கிற வேலை இல்லை. கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு ரீல்ஸ் எடுத்துப் போடுவது, கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் எழுப்புவது, வாசல் கேமரா நின்றுபோனால் ஓட வைப்பது. சட்டம் படிக்க ஆரம்பித்தவனுக்கு வரும் வியாதி எனக்கு முற்றிப்போயிருந்தது. பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால்கூட மனசுக்குள் செக்‌ஷன் நம்பர் ஓடும். வீட்டில் அப்பா, "இவன் வக்கீலாகுறதுக்குள்ள நம்மளத்தான் மொதல்ல உள்ள வைப்பான்" என்பார்.

அந்தக் கடைக்கு வாசல் செக்யூரிட்டியாக வந்தவர்தான் அவர். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் ஒன்று இருந்திருக்கும், கடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. முதலாளி முதல் பில் போடும் பெண்கள் வரைக்கும் எல்லோருக்கும் ஏட்டய்யா. காக்கி போய் ஏஜென்சி கொடுத்த வெளிர்நீலச் சட்டை, தோளில் ஒரு நூல் பட்டை, கழுத்தில் விசில். போலீஸ் ஜீப் ரோட்டில் போனால் மட்டும் அந்த நீலச் சட்டைக்குள் பழைய காக்கி விறைத்து நிற்கும்.

அவர் யாரையும் தொட மாட்டார். அதுதான் அவர்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம். ஒரு சின்னப் பெண்குழந்தை அம்மா கையை உதறிவிட்டுப் படியிறங்கி ரோட்டைப் பார்த்து ஓடியது. ஷேர் ஆட்டோ ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே வருகிறது. ஏட்டய்யா குழந்தைக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். கையை நீட்டினால் போதும், சட்டையைப் பிடித்துவிடலாம். நீட்டவில்லை. குனிந்து, பரேடு மைதானத்துக் குரலில் கத்தினார். "ஏய் பாப்பா! நில்லு! யாரு பிள்ளை இது, யாரு பிள்ளை!" கை மட்டும் முதுகிலேயே இருந்தது. படியோரம் பூ விற்கிற அக்கா முழம் போட்டுக்கொண்டிருந்த சரத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்து குழந்தையை வாரினாள். வாரிய கையோடு அவரையும் வாரினாள்.

"ஏன்யா, கை ரெண்டையும் அடகா வச்சிருக்க? பச்சப்பிள்ளையப் பிடிக்க மாட்டியா?"

"பொம்பளப்பிள்ளை ஆத்தா. நான் தொட்டா நாளைக்கு வேற மாதிரி சொல்லுவாய்ங்க."

"செத்துப்போயிருந்தா?"

அவர் விசிலை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் அப்போது வேறு ஒரு பரவசத்தில் இருந்தேன். எந்தக் கடை வாசலிலும் செக்யூரிட்டி என்றால் பையனின் சட்டையைப் பிடித்து இழுப்பது, பையைப் பிடுங்குவது, ஏழை மாதிரி தெரிந்தால் பிடரியில் ஒன்று வைப்பது. இவரோ சந்தேகப்பட்ட ஆளைக்கூட "வாங்க, இப்பிடி வாங்க" என்றுதான் கூப்பிடுவார். மனித உரிமை பற்றி நாங்கள் வகுப்பில் கத்திக்கொண்டிருந்ததை இவர் வாசலில் நின்று செய்துகொண்டிருக்கிறார் என்று தோன்றியது. 'கை வைக்காத காவல்' என்று ஒரு ரீல் எடுக்கத் திட்டம் போட்டு, பின்னணி இசைகூடத் தேர்ந்தெடுத்துவிட்டேன். போனைத் தூக்கியதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னத்துக்குத் தம்பி இது? அது போதும்." மோவாயைத் தூக்கி, பில் கவுண்டருக்கு மேலே மீனாட்சி படத்துக்குப் பக்கத்தில் இருந்த கேமராவைக் காட்டினார்.

அவருக்கு இன்னொரு வழக்கம். கடையில் யார் மேலாவது திருட்டுச் சந்தேகம் வந்தால், அவர்களை வாசலை விட்டு வெளியே அனுப்புவதற்கு முன்னால் டீ வாங்கித் தருவார். வீட்டுக்கு அனுப்பினாலும் சரி, ஸ்டேஷனுக்கு அனுப்பினாலும் சரி, டீ உண்டு. எதிர்க்கடையிலிருந்து கண்ணாடி கிளாஸில் வரும். "இங்கிட்டு நின்னு குடிங்க, காத்து வரும்" என்று கவுண்டருக்கு முன்னால் ஓர் இடத்தில் நிறுத்துவார். பாதி குடித்ததும், "சூடா இருக்கும், இந்தக் கைக்கு மாத்திக்குங்க" என்பார். அவர்களும் மாற்றிக்கொள்வார்கள்.

காரில் வந்திறங்கிய ஓர் அம்மா ரவிக்கைத் துணியைப் பில் போடாமல் பைக்குள் வைத்துவிட்டார், மறதியோ என்னவோ. அவருக்கும் டீ. "என்னய்யா இது, திருடின்னு பிடிச்சுட்டு விருந்து வைக்கிற?" என்று அந்த அம்மாவே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கிளாஸைக் கை மாற்றினார். நாங்களும் சிரித்தோம். பில் போடும் பெண்கள், "ஏட்டய்யா டீ குடிக்கணும்னா ஒரு ஜாக்கெட் துணியாவது அமுக்கணும் போலருக்கு" என்று கேலி பேசுவார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். அவர் காற்று வரும் என்று சொன்ன இடத்தில் காற்றே வராது. ஃபேன் அந்தப் பக்கம் திரும்பாது.

மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் எதிர்க்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவோம். ஒருநாள் அவரே ஆரம்பித்தார்.

"தம்பி வக்கீலுக்குப் படிக்கிறீக. ஒண்ணு சொல்லுங்க. நான் ஏட்டா இருந்தப்ப ஒருத்தனை அறைஞ்சுட்டேன்னு வைங்க. அவன் என்னையக் கோர்ட்டுல நிப்பாட்டணும்னா என்ன செய்யணும்?"

கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நான் கொட்டினேன். "கடமை செய்யறப்ப நடந்துச்சுன்னா அரசாங்கம் அனுமதி குடுக்கணும் ஏட்டய்யா. முன்னாடி நூத்தித் தொண்ணூத்தேழு, இப்ப புதுச் சட்டத்துல இருநூத்திப் பதினெட்டு. ஆனா விசாரணைன்னு கூட்டிட்டுப் போய் அடிக்கிறதெல்லாம் கடமையில சேராதுன்னு..."

"சேராதுன்னு யாரு சொல்லணும்?"

"கோர்ட்டு."

"எப்பச் சொல்லும்?"

"கேஸ் நடக்கணும், வாதம் நடக்கணும், அப்பறம்..."

"அதுக்குள்ள நான் பென்சன் வாங்கிட்டேன் பாருங்க" என்று சிரித்தார். பிறகு நீலச் சட்டையின் காலரை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "இதைப் போட்டுக்கிட்டு ஒருத்தன் மேல என் விரல் பட்டா?"

"அன்னைக்கே எஃப்.ஐ.ஆர். போடலாம். யார் அனுமதியும் வேண்டாம்."

"அம்புட்டுத்தான். அந்தச் சட்டைக்குக் கூரை உண்டு தம்பி. இது நனையிற சட்டை."

அந்த வாக்கியத்தில் நான் சொக்கிப்போனேன். கல்லூரியில் ஒரு கருத்தரங்கில் அதையே தலைப்பாக வைத்துப் பேசலாமா என்று யோசித்தேன். அந்த உற்சாகத்தில்தான் அடுத்த கேள்வியைக் கேட்டேன். "ஸ்டேஷன்ல நீங்க யாரையாச்சும் அடிச்சிருக்கீகளா ஏட்டய்யா?"

அவர் டீயை மெதுவாகக் குடித்தார். "எங்க ஸ்டேஷன் பாத்ரூம்ல சோப்பு வாங்கி வச்சதா எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா வாரவன் போறவன் எல்லாம் அதுலதான் வழுக்கி விழுந்து கையை ஒடிச்சிக்கிட்டாய்ங்க. ரிடையராகுற வரைக்கும் எனக்கு அது புரியவே இல்ல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். அந்தக் கைகள் ஏன் எப்போதும் அப்படிப் பிடித்துவைக்கப்பட்டிருக்கின்றன என்று நான் முதல்முறையாகச் சந்தேகப்பட்டது அன்றைக்குத்தான்.

பாண்டி வந்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து. செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் தறி ஓட்டுகிறவன். என் வயசுதான் இருக்கும், அல்லது ஒன்றிரண்டு கூட. அக்காவுக்கு வளைகாப்பு. அவளுக்குக் கொடுக்க வைத்திருந்த காட்டன் சேலைக்குப் பொருத்தமாக ரவிக்கைத் துணி எடுக்க வந்திருந்தான். பொருத்தம் பார்க்கச் சேலையையும் பையில் கொண்டுவந்திருந்தான். அங்கேதான் வினை. அந்தச் சேலை அவனே நெய்தது. கரையில் ஓரிடத்தில் இழை விட்டுப்போனதால் தறிக்கார முதலாளி ஒதுக்கிவிட்டு, "அக்காவுக்குக் குடுத்துக்கடா" என்று அவனிடமே தந்திருக்கிறார். அந்தத் தறியிலிருந்து நல்ல சேலைகள் வந்துசேர்வது எங்கள் கடைக்கு. அதே பச்சை, அதே மாம்பழக் கலர்க் கரை எங்கள் ரேக்கில் அடுக்கியிருக்கிறது.

சேல்ஸ்மேன் ஒருத்தன் பையில் எட்டிப் பார்த்துவிட்டான். "அண்ணே, நம்ம சரக்கு! டேக்கைப் பிச்சிட்டான்!"

"நான் நெஞ்சதுண்ணே இது" என்றான் பாண்டி. அதைக் கேட்டு இரண்டு பேர் சிரித்தார்கள்.

சேல்ஸ்மேன் கையை ஓங்கினான். ஏட்டய்யா குறுக்கே வந்து நின்றார். "யாரும் கை வைக்கக் கூடாது. கடைக்குள்ள ஒரு அடி விழுந்தாலும் கேஸ் நம்ம மேலதான். தம்பி, நீ இப்பிடி வாப்பா." அவனை ஸ்டூலில் உட்கார வைத்தார். குரல் அவ்வளவு பரிவாக இருந்தது. முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்து சேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான், "சார், ஸ்டாக்கை எண்ணிப் பாத்துரலாம். இல்லாட்டி செல்லூருக்கு ஒரு போன் போடுங்க" என்றேன். முதலாளி போன் போட்டார். தறிக்காரர் எடுக்கவில்லை. "விழாக் கூட்டத்துல ஸ்டாக் எண்ணவா முடியும்? ஏட்டய்யா, நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் மாடிக்குப் போய்விட்டார்.

ஏட்டய்யா பார்த்தார். ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். பிறகு டீ சொன்னார்.

"இங்கிட்டு நின்னு குடிப்பா. காத்து வரும்."

பாண்டி கிளாஸை வாங்கிக்கொண்டான். "சார், எங்க முதலாளி சாயந்தரம் போன் எடுப்பாரு சார். அதுவரைக்கும் இங்கேயே உக்காந்திருக்கேன் சார்."

"ஒண்ணுமில்லப்பா. விசாரிப்பாய்ங்க, விட்ருவாய்ங்க. சூடா இருக்கும், அந்தக் கைக்கு மாத்திக்க."

மாற்றிக்கொண்டான். வாசலில் ஜீப் நின்றது. வந்த கான்ஸ்டபிள் இறங்கக்கூட இல்லை, ஹாரன் மட்டும் அடித்தார். பாண்டி கிளாஸை வைத்துவிட்டுத் தானே நடந்துபோய் ஏறினான். யாரும் அவனைத் தொடவில்லை. பார்க்க அவ்வளவு நாகரிகமாக இருந்தது.

மறுநாள் காலையில் செல்லூர்த் தறிக்காரர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். சேலை தான் கொடுத்ததுதான் என்றார். எங்கள் ஸ்டாக்கும் சரியாக இருந்தது. முதலாளி ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். மத்தியானம் பாண்டியை விட்டார்கள். கேஸ் இல்லை, காகிதம் இல்லை, வந்துபோன தடமே இல்லை. வலது கை மட்டும் முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது.

பெரியாஸ்பத்திரியில் எப்படி ஒடிந்தது என்று டாக்டர் கேட்டபோது பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றிருக்கிறார். பாண்டி சொன்ன பதில்: "ஜவுளிக்கடை செக்யூரிட்டி அடிச்சாரு."

அன்று மாலையே ஏட்டய்யா மேல் எஃப்.ஐ.ஆர். நான் பெஞ்சில் உட்கார்ந்து சொன்ன அதே வேகத்தில். யார் அனுமதியும் தேவைப்படவில்லை.

எனக்குக் கொதித்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அவர் வேலை பார்த்த இலாகா, ஒரு ராத்திரியில் அவரையே தூக்கிப் பலிகொடுக்கிறது! ஓடிப்போய் அவரைப் பார்த்தேன். முதலாளி அவரைக் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார். கடைக்குப் பின்பக்கம் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். பதற்றமே இல்லை.

"எதுக்குத் தம்பி இப்பிடி மூச்சு வாங்குறீக? படம் இருக்குல்ல."

"என்ன படம்?"

"பய டீ குடிச்ச படம். அந்தத் துண்டை மட்டும் ஒரு பென் டிரைவுல போட்டுத் தாங்க. கேமராப் பதிவு பழசு அழிஞ்சு அழிஞ்சு புதுசு ஏறும்னு நீங்கதானே சொன்னீக. சீக்கிரம் எடுத்துருங்க."

போய்க் கம்ப்யூட்டரில் தேடி எடுத்தேன். திரையில் பாண்டி நிற்கிறான். காற்று வராத அந்த இடத்தில். கேமராவுக்கு நேர் எதிரே, முகம் தெரிய, முழங்கை தெரிய. வலது கையில் கிளாஸைத் தூக்கிக் குடிக்கிறான். மணிக்கட்டு மடங்குகிறது, விரல்கள் மடங்குகின்றன. கிளாஸ் இடது கைக்குப் போகிறது. அந்தக் கையும் மடங்குகிறது, நிமிர்கிறது. இரண்டு கையும் முழுசாக இருக்கிற ஒரு மனிதன் எங்கள் கடையை விட்டு வெளியே போகிறான் என்பதற்கு இதைவிடச் சுத்தமான சாட்சி கிடையாது.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ரவிக்கைத் துணி அம்மா, பிளாஸ்டிக் பை வைத்திருந்த கிழவர், கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர்... எல்லோரும் அந்த இடத்தில் நின்று கிளாஸைக் கை மாற்றிக் குடித்தது ஒவ்வொன்றாக வந்தது. நான் பரிவு என்று நினைத்ததெல்லாம் பந்தோபஸ்து. வெளியே போகிறவன் கைக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் போன் போட்டார். தெரிந்துதான் டீ சொன்னார். "விசாரிப்பாய்ங்க, விட்ருவாய்ங்க" என்றபோதும் தெரியும்.

பென் டிரைவைக் கொடுத்தபோது கேட்டார். "உங்க போன்ல ஒண்ணும் போட்டு வச்சிக்கிடலையே?"

நான் வாயைத் திறப்பதற்குள் திரும்பி நடந்துவிட்டார். பதில் வேண்டாம் என்பதுபோலவா, பதில் தெரியும் என்பதுபோலவா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. போட்டுத்தான் வைத்திருந்தேன்.

அவர் கோர்ட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். போனது ஸ்டேஷனுக்கு. உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. அடுத்த வாரமே பாண்டி புது வாக்குமூலம் கொடுத்தான். கடையில் யாரும் அடிக்கவில்லை, ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். கையெழுத்துப் போட முடியாத கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ரேகை வைத்தான். ஏட்டய்யா மேலிருந்த கேஸ் காற்றில் போனது. அவர் மறுபடி வாசலுக்கு வந்து நின்றார். முதலாளி அவருக்குக் கை கொடுக்க நீட்டினார். அவர் கும்பிட்டார்.

"அவன் கை போச்சு ஏட்டய்யா" என்றேன்.

"நான் ஒடிக்கல தம்பி. படத்துல பாத்தீகள்ல."

"அந்தப் படம் உங்களுக்கு மட்டுந்தானா சாட்சி? அவனுக்கு இல்லையா?"

"எனக்குப் பென்சன் வருது. மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. அவய்ங்களோட என்னால மல்லுக்கட்ட முடியாது. உங்களால முடிஞ்சா நீங்க கட்டுங்க." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. மேலே கேமராவைப் பார்த்தார்.

நான் செல்லூருக்குப் போனேன். தறிச்சத்தம் தெரு முழுக்க இடித்துக்கொண்டிருந்தது. பாண்டியின் அக்கா செல்வி, நிறைமாத வயிறோடு வாசலில் உட்கார்ந்து அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் போனில் படத்தைக் காட்டினேன். பாண்டி தன் வலது கை மடங்கி நிமிர்வதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தான்.

"அந்த ஆளு நல்ல மனுசன்னு நினைச்சேண்ணே" என்றான். "டீ எல்லாம் வாங்கிக் குடுத்தாரு."

செல்விதான் முடிவெடுத்தாள். "அறுந்த இழையை முடியணும்னா ரெண்டு கையும் வேணும் தம்பி. அவனுக்கு வேற தொழில் தெரியாது. பாத்ரூம்ல விழுந்தான்னு எழுதுனது எழுதுனதாவே போயிருச்சுன்னா நாளைக்கு எவன் நம்புவான்? நீங்க செய்யறதைச் செய்யுங்க." எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலம்மா மனு எழுதினார். படத்தையும் இணைத்து மனித உரிமை ஆணையத்துக்கும் கோர்ட்டுக்கும் போனது. வீடியோ எடுத்துக் கொடுத்தவன் என்று என் பெயரும் அதில் இருந்தது.

ஜீப் என்னைத் தேடி வந்தது ஒரு பகல்பொழுதில். நான் புதுச் சுடிதார்களை ரீல் எடுத்துக்கொண்டிருந்தேன். பாண்டியை ஏற்றிப்போன அதே கான்ஸ்டபிள். வாசலில் நின்று, "தம்பி, சும்மா ஒரு வார்த்தை கேக்கணுமாம். வந்துட்டு வந்துருங்க" என்றார். சம்மன் இருக்கிறதா, எந்தப் பிரிவு என்று கேட்க வாயைத் திறந்தேன். அத்தனை செக்‌ஷனும் மறந்துபோயிருந்தது. பில் போடும் பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

ஏட்டய்யா எதிர்க்கடையைப் பார்த்து விரலைத் தூக்கினார். "ரெண்டு டீ."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "எனக்கு வேண்டாம்."

"இங்கிட்டு வாங்க தம்பி. காத்து வரும்."

"வராது ஏட்டய்யா. அங்க காத்து வராது. எனக்குத் தெரியும்."

டீ வந்தது. நான் வாங்கவில்லை. கிளாஸ் கவுண்டரில் ஆவி அடங்கி, ஏடு படிந்து கிடந்தது. கான்ஸ்டபிள் வாசலிலிருந்து, "ஏட்டய்யா, நேரமாகுது" என்றார்.

"நீ ஏம்ப்பா வெயில்ல நிக்கிற? உள்ள வா. உனக்கும் ஒண்ணு இருக்கு. வா, இந்தா இங்க நில்லு, தம்பிக்குப் பக்கத்துல." அவர் குரலில் பழைய ஏட்டு இருந்தார். ஒருகாலத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர் போலிருக்கிறது. கான்ஸ்டபிள் பூட்ஸ் சத்தம்கூட இல்லாமல் உள்ளே வந்து, இன்னொரு கிளாஸை எடுத்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அது நடந்தது. முதுகுக்குப் பின்னாலிருந்து ஏட்டய்யாவின் கைகள் பிரிந்து முன்னால் வந்தன. என் வலது மணிக்கட்டைப் பிடித்தார். ரோட்டுக்கு ஓடிய குழந்தையைப் பிடிக்காத கை. சொரசொரவென்று, எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. கிளாஸை என் கையில் வைத்து, விரல்களை அதன்மேல் மடக்கினார்.

"குடிங்க."

குடித்தேன்.

"சூடா இருக்கு தம்பி. இந்தக் கைக்கு மாத்துங்க" என்றார், ஆறிப்போன டீயைப் பார்த்து. என் இடது கையைத் தூக்கி அவரே மாற்றினார். பிறகு கான்ஸ்டபிளிடம் திரும்பி, மோவாயைத் தூக்கிக் கவுண்டருக்கு மேலே காட்டினார். "அந்தா பாரு. புதுசா மாத்தியிருக்கோம். முகம், விரல் எல்லாம் சுத்தமா விழும். உன் முகமும் விழும்."

கான்ஸ்டபிள் மேலே பார்த்தார். என் கைகளைப் பார்த்தார். கையிலிருந்த கிளாஸைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

ஸ்டேஷனில் என்னிடம் உண்மையிலேயே ஒரு வார்த்தைதான் கேட்டார்கள். ஒரு நாற்காலிகூடப் போட்டார்கள். பாத்ரூம் பக்கம் யாரும் கூப்பிடவில்லை. சாயங்காலம் திரும்பி வந்துவிட்டேன்.

பாண்டியின் மனு இன்னும் நடக்கிறது. அந்த ஸ்டேஷன் எஸ்.ஐ. மேல் வழக்கு நடத்த அனுமதி கேட்ட கோப்பு சென்னையில் இருக்கிறது என்கிறார்கள். வலது கையில் இரண்டு விரல் முழுசாக மடங்குவதில்லை. தறி ஓட்டிக்கொண்டிருந்தவன் இப்போது அதே கூடத்தில் தார் சுற்றுகிறான். நூலைச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுக்கிற வேலை, அதற்கு ஒரு கை போதும். ஏட்டய்யா அந்த வருஷக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு அலங்காநல்லூர்ப் பக்கம் மகளோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். ஆணையம் கூப்பிட்டு அனுப்பியபோது வந்தாராம். "படம் இருக்கு. அதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்ல" என்றாராம். அது பாண்டிக்கு உதவியா, உபத்திரவமா என்று வக்கீலம்மாவுக்கே தெரியவில்லை.

ஆனால் நான் ஸ்டேஷனிலிருந்து திரும்பிய அந்தச் சாயங்காலம் அவர் இன்னும் வாசலில்தான் இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் கைகளைப் பார்த்தார். நான் இரண்டையும் நீட்டிக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டார். அந்தச் சின்ன ஆட்டத்தில் ஒரு நிம்மதி இருந்தது, அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். நன்றி சொல்லத்தான் வாயெடுத்தேன். வேறொன்று வந்தது.

"ஏட்டய்யா, இன்னைக்கு அந்தக் கான்ஸ்டபிளை உள்ள கூப்பிட்டு கேமராவைக் காட்டுனீகளே. அன்னைக்குப் பாண்டி டீ குடிக்கிறப்பவும் அதே ஆளுதானே ஜீப்புல இருந்தாரு? ஏன் கூப்பிடல?"

ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் இறக்கிவிட்டுப் போனது. பூக்கார அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் என்னை ஒருமுறை, முழுசாகத் திறந்த கண்ணோடு பார்த்தார்.

பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.